எல்வீரா வீட்டில் நான் சொன்ன பொய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ரண்டர்ஸில் எங்களோடு சாப்பிட்டுவிட்டு இஷொய்க்குத் திரும்பும்போது, கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனாய். மருமகள் ஷாமினிக்கு நான் புத்தி சொல்ல வேண்டும். கோப்பன்ஹேகனில் ஒரு டேனிஷ்காரி, மாயா இனத்துப் பெண்களின் பழைய முறை என்று சொல்லி வயிற்றைத் தடவிவிடுகிறாளாம். ஷாமினி அங்கே நேரம் குறித்துவிட்டாளாம். "அப்பா, நீங்கள் சொன்னா அவள் கேப்பாள். இது சும்மா ஹோகுஸ்போகுஸ், ஏமாத்து வித்தை," என்றாய். நானும் வழக்கம்போல, "ஓம், பாப்பம்," என்று தலையாட்டினேன். உன் மனைவி அந்த நேரம் காருக்குள் இருந்து நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. ஐந்தாம் மாதம் வரைக்கும் சுமந்த வயிறு. அதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று இரண்டு ஆம்பிளைகள் வாசலில் நின்று முடிவெடுத்துக்கொண்டிருந்தோம்.

நான்கு நாளாக ஷாமினியின் தொலைபேசி இலக்கத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உனக்குச் சொல்லத்தான் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் "யா, யா, ஃபார்" என்று டேனிஷில் ஓம் போட்டு இரண்டாம் நிமிடமே அறுத்துவிடுவாய். எனக்கும் இந்த அறுபத்தெட்டு வயதில் இதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிவு வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதில் எழுத்துக் கூட்டி வாசிக்கவாவது வரும். விளங்காத இடத்தை ஷாமினியிடம் கேள்; பதின்மூன்று வயதில் இங்கே வந்தவள், நன்றாக வாசிப்பாள். அவளும் வாசிக்க வேண்டிய கடிதம்தான். மருமகளின் கண்ணில் படக்கூடிய விஷயமா இது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சத்தைப் பொத்திப் பொத்தி வைத்துத்தான் நான் கெட்டேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீ மறந்திருப்பாய். ஷாமினி அம்மாவிடம் அந்த மசாஜைப் பற்றிக் கேட்டாள். அம்மா வாய் திறக்கமுன் நீ டேனிஷில் புகுந்துவிட்டாய். ஷாமினி தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்த மேலதிக வேலைகளை வேண்டாமென்று சொல்லியிருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்புக் குறைவு என்று சொல்வதுபோல் சொன்னாய். ஷாமினி கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். அம்மாவின் கை குழம்புச் சட்டிக்குள் கரண்டியோடு அப்படியே நின்றது. அம்மாவுக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அம்மா உன்னைப் பார்க்கவில்லையடா. என்னைப் பார்த்தார். ஏனென்றால் "கவனமாக இருந்திருக்கலாம்" என்ற அந்தச் சொல் என்னுடையது. நான் அதை ஒரு காலத்தில் நீல நிறத்து விமானக் கடிதத்தில் எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டி, தபாலில் போட்டவன்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் வந்து போனது என்பது உனக்குத் தெரியும். நான் சொன்ன விதமாகத் தெரியும். தமிழர் வழக்கு என்று டென்மார்க் முழுக்கப் பேசிய அந்த வருடங்களில், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் உரிமை இருந்தது. எங்கள் விண்ணப்பங்களை மட்டும் தொடாமல் மேசை லாச்சிக்குள் ஒதுக்கி வைக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். பிறகு அது வெளியே வந்து, விசாரணை நடந்து, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. அவ்வளவும் உண்மை. ஆயிரம் தடவை சொல்லலாம். ஆனால் அம்மாவின் கடதாசிகள் அந்த லாச்சிக்குள் கிடந்ததால்தான் எங்கள் முதல் பிள்ளை போனது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது பச்சைப் பொய். பிள்ளை போன நேரம் நான் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை.

நடந்தது இதுதான். மன்னாரிலிருந்து நான் புறப்படும்போது அம்மாவுக்கு இரண்டாம் மாதம். இங்கே வந்து முகாமில் இருந்தேன். என்னை ஏற்றுக்கொள்வார்களோ திருப்பி அனுப்புவார்களோ என்று தெரியாத நாட்கள். முகாமில் சமையலறைதான் எங்கள் வானொலி. ஒருவர் வந்து ஒரு கதை சொல்வார், பின்னேரத்துக்குள் அது சட்டமாகிவிடும். அப்படி ஒரு கதை வந்தது. கொழும்பில் மனைவி நேரே போய்த் தன் கையால் ஒப்பமிட்டு எடுத்த கலியாணப் பதிவுதான் இங்கே செல்லும், வேறு ஆள் எடுத்தால் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று. யார் சொன்னது, எந்த அரசாங்கக் கந்தோரில் கேட்டது, ஒருவருக்கும் தெரியாது. நான் உடனே அம்மாவுக்கு எழுதினேன். அம்மாவின் அண்ணை, தான் போய் எடுத்து வருவதாகப் பதில் போட்டிருந்தார். "ஏழாம் மாசம், பிள்ளைத்தாச்சியை பஸ்ஸிலை அனுப்பேலாது," என்று தெளிவாக எழுதியிருந்தார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு விசா கிடைத்த மறுநாளே விண்ணப்பத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், முகாமில் மற்றவர்களுக்கு முன்னால் என் மனைவி வந்து இறங்க வேண்டும். "நீர்தான் போக வேணும், சாட்டுச் சொல்லக் கூடாது," என்று எழுதினேன். அம்மா தன் மச்சாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில், மதவாச்சி தாண்டி மன்னார்ப் பக்கம், சோதனைக்கு என்று ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கி, மூட்டையோடு வெய்யிலில் நடக்கவிட்டிருக்கிறார்கள். வழியில் ஒரு வீட்டுக்காரர் பாயைப் போட்டுக் கொடுத்த இடத்தில் எல்லாம் முடிந்தது. பிள்ளை செத்துப் பிறந்தது.

அம்மாவின் கடிதம் சின்னக் கடிதம். கலியாணப் பதிவு எடுத்தாயிற்று, முத்திரை குத்தியாயிற்று என்று முதலில் எழுதிவிட்டு, கீழே, "பிள்ளை தங்கேல்லை," என்று ஒரு வரி. அதற்கு நான் எழுதிய பதிலில்தான் அந்த வாக்கியம் இருந்தது. கவனமாகப் போய் வந்திருக்கலாம். அதோடு, கடதாசிகள் நனையாமல் பத்திரமாக இருக்கிறதா என்றும் கேட்டிருந்தேன். தம்பி, நான் அழாமல் இல்லை. முகாமின் பின்பக்கம் சைக்கிள் கொட்டகையில் நின்று அழுதேன். அழுதுவிட்டு வந்து அதை எழுதினேன். பழி என்னிடம் வந்து சேருமுன் அதை யார் தலையிலாவது போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். பிறகு எனக்கு விசா வந்தது, விண்ணப்பம் போட்டேன், அந்த முத்திரை குத்திய கடதாசிகள் மற்ற எல்லாருடைய கடதாசிகளோடும் சேர்ந்து அமைச்சில் தூங்கின. மனைவியே நேரில் ஒப்பமிட்டாளா என்று கடைசிவரை என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா வந்து இறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தார். அப்போது நான் ரண்டர்ஸில், ஆஸ்பத்திரித் துணிகள் கழுவும் தொழிற்சாலையில் வேலை. சில மாதத்தில் அம்மாவுக்கும் அங்கேயே கிடைத்தது. அங்கேதான் எல்வீரா இருந்தார். குவாத்தமாலாக்காரி, அதே மாயா இனம், எங்களைப்போல ஓடி வந்தவர், எங்களுக்குச் சில வருடம் முந்தியவர். ஐம்பது வயதிருக்கும், குள்ளம், கையிரண்டும் பலகை மாதிரி. தன் ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர், வயிறு தடவுகிறவர். ஒருநாள் படுக்கை விரிப்பு மடிக்கும் மேசையில் அம்மா அடிவயிற்றைக் கையால் அமர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் அம்மா படும் பாடு எனக்குத் தெரியும். டொக்டர் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று குளிசை கொடுத்திருந்தார். வந்து ஒன்றரை வருடமாகியும் பிள்ளை தங்கவில்லை. மாதா கோயிலில் கண்டவர்கள் எல்லாம் "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்வீரா என்னிடம் வந்து டேனிஷில், "உன் மனைவியை என் வீட்டுக்குக் கூட்டி வா. வயிறு பார்க்க வேண்டும். நீயும் வா, மொழி மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும்," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். எல்வீராவின் படுக்கை அறையில் அம்மா படுத்திருந்தார். கதவைப் பாதி சாத்திவிட்டு நான் அறைக்கு வெளியே நடை ஓடைக்குள், கோட்டுகள் கொழுவியிருந்த பக்கம் திரும்பி நின்றேன். எல்வீரா டேனிஷில் கேட்பதை நான் தமிழில் சொல்வேன், அம்மா சொல்வதை டேனிஷில் சொல்வேன். குளிருக்குள் வெறுங்காலோடு நடக்கிறாளா, பாரம் தூக்குகிறாளா, எப்போதாவது பலமாக விழுந்தாளா, ரத்தம் என்ன நிறம். ஒவ்வொன்றையும் மாற்றிச் சொல்லும்போது என் காது சுட்டது. பெண்சாதியின் உடம்பைப் பற்றி அவ்வளவு விஷயம் நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன். எண்ணெய் சூடாக்கிய மணம் வந்தது. எல்வீரா முதலில் மாதாவுக்கு ஒரு செபம் சொன்னார். மரியா என்ற பெயர் காதில் விழுந்ததும் அம்மாவும் தமிழில் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். அதற்கு மட்டும் நான் தேவைப்படவில்லை.

பிறகு எல்வீரா கேட்டார், "முந்தி ஒரு பிள்ளை சுமந்தாளா? இழந்தாளா?" நான் அதைத் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே அம்மா, "ஓம். ஏழாம் மாசத்திலை. கொழும்பாலை வரேக்கை, பஸ்ஸாலை இறக்கிப்போட்டு..." என்று தொடங்கினார். நான் அதை முடிக்க விடவில்லை. "நை," என்றேன் எல்வீராவுக்கு. இல்லை. அவ்வளவுதான். பஸ் என்று சொன்னால் ஏன் ஏறினாள் என்று கேட்பார். யார் அனுப்பியது என்று கேட்பார். ஒரு வேற்று நாட்டுக்காரியின் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. உள்ளே எல்வீராவின் கை வயிற்றில்தான் இருந்திருக்கும். அவர் என்னத்தை உணர்ந்தாரோ தெரியாது. "நீ போய்ப் பால் வாங்கி வா," என்றார் என்னிடம். "பால் உங்கள் வீட்டில் இல்லையா?" என்றேன். "இருக்கிறது. போய் வாங்கி வா," என்றார்.

பாலோடு திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். இடுப்பைச் சுற்றி அகலமான ஒரு நெய்த துணிப்பட்டி இறுக்கிக் கட்டியிருந்தது. காலில் எல்வீராவின் கம்பளிக் காலுறை. முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் அம்மா அப்படி நிமிர்ந்து இருந்ததை நான் டென்மார்க்கில் அதற்கு முன் காணவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு வசனம்கூட இல்லை, நான் இல்லாத அந்த அரை மணித்தியாலத்தில் என்ன பேசினார்களோ. வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டார், "'நை' எண்டா இல்லை எண்டுதானே?" நான் ஓம் என்றேன். அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரைக்கும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அம்மா தனியாகவே போனார். எல்வீராவிடமிருந்துதான் டேனிஷ் பழகினார். அம்மா டேனிஷ் பேசும்போது ஸ்பானிஷ்காரி மாதிரி ர-வை உருட்டுகிறார் என்று நீ சின்ன வயதில் பகிடி பண்ணுவாயே, அந்த ர எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள். எல்வீரா வயிற்றைக் கீழிருந்து மேலே, தொப்புள் பக்கமாக ஏந்தித் தடவுவாராம். பெரிய பயமொன்று வந்தால் அது வயிற்றில்தான் குந்தும் என்பாராம். மாத வலி குறைந்தது. எட்டு மாதம் கழித்து நீ வயிற்றில் வந்தாய். அந்தக் கைகள்தான் உன்னைத் தந்தன என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஷாமினியும் முதலில் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு போகட்டும். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் யாரோ அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அதை நான் கேட்கவில்லை. கோயிலில் ஒருவர், "என்ன, பெண்சாதி சூனியக்காரியிட்டைப் போறாவாம்," என்று என்னைச் சீண்டியபோது, "பொழுதுபோகாத பொம்பிளையளின்ரை விளையாட்டு," என்று சொல்லிச் சிரித்தவன் நான். மரித்தோர் தினத்தில் எல்வீராவும் அம்மாவும் சேர்ந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். எல்வீராவின் ஊரில் செத்தவர்களுக்காக்கும் என்று நான் பின் வரிசை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எல்வீரா சில்க்போர்க்கில் மகளோடு போய் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

தமிழர் வழக்குச் செய்தி தொலைக்காட்சியில் வந்ததும் எனக்குப் பிடிக்க ஒரு கொப்புக் கிடைத்தது. சங்க மண்டபத்தில் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் கதையைச் சொன்னார்கள். உண்மையாகவே தாயை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு நடுவில் நானும் எழும்பி, "என்ரை பிள்ளையையும் அந்த லாச்சிதான் விழுங்கினது," என்றேன். ஆட்கள் என் கையைப் பிடித்தார்கள். அந்தக் கைகளுக்கு நான் தகுதியில்லாதவன். பிறகு அதையே உனக்கும் சொல்லி வளர்த்தேன். நீ ஒன்பதாம் வகுப்பில் அதைப் பற்றி மேடையில் பேசினாய். "என் அண்ணன் ஒரு லாச்சிக்குள் செத்துப்போனான்," என்று டேனிஷில் தொடங்கினாய். உன் வகுப்பாசிரியை கண்ணைத் துடைத்தார். பெற்றோர் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அம்மா என் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காரில் வரும்போது, "தம்பி வடிவாக் கதைச்சவன்," என்றார். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு இப்போதும் அந்தக் கைதட்டலை நினைத்தால் எங்கேயாவது போய் ஒளிய வேண்டும்போல் இருக்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன், ஷாமினிக்குப் புத்தி சொல்ல என்னைக் கூப்பிடாதே. நீயும் என்னைப்போல அழுதிருப்பாய் என்று தெரியும். உன் பிள்ளையும்தானே அது. ஆனால் அழுத கையோடு பழியைத் தூக்கி அவள் தலையில் வைக்காதே. மேலதிக வேலைதான் காரணம் என்று எந்த டொக்டர் உனக்குச் சொன்னார்? எனக்குச் சமையலறையில் சொன்ன ஆள் போலத்தானே உனக்கும் யாரோ சொல்லியிருப்பார். அவள் அந்த டேனிஷ்காரியிடம் எண்ணெய்க்காகப் போகவில்லை, தம்பி. வீட்டில் கேட்க ஆளில்லாததால் போகிறாள்.

நேற்றுப் பின்னேரம் இதுவரைக்கும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் கதையை அம்மாவுக்குத் தெரியாமல் இன்னொரு தடவை சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ரெண்டு இடத்திலை பிழை விட்டிருக்கிறியள்," என்றார். எழுத்துப் பிழையாக்கும் என்று பேனையை எடுத்தேன்.

"அண்ணன் இல்லை. பொம்பிளைப் பிள்ளை."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"செத்துப் பிறக்கவும் இல்லை. அழுதவள். கால் மணித்தியாலம் எண்டாலும் இருந்திருப்பாள். மச்சாளிட்டைத் தண்ணிப் போத்தில் இருந்தது. நான்தான் தலையிலை வார்த்து ஞானஸ்நானம் குடுத்தனான். பேரும் வைச்சனான்."

"ஏன் நீர் எனக்கு எழுதேல்லை?" என்று கேட்டேன்.

அம்மா உன்னுடைய பழைய சேர்ட் ஒன்றை மடித்து மற்றவற்றுக்கு மேலே வைத்தார். "முதல் கடிதத்திலை எழுதக் கை வரேல்லை. அடுத்ததிலை எல்லாம் எழுதுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ளை உங்கடை கடிதம் வந்திட்டுது," என்றார்.

தம்பி, எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது நேற்று எனக்குத் தெரிய வந்தது. வாசித்ததைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் பிழையை நீ பார்க்க வேண்டும் என்று. ஷாமினியை நீயே காரில் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பெண்ணின் கதவோடு நின்றுவிடு, உள்ளே போகாதே. திரும்பி வந்து காரில் ஏறியதும் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

அப்பா